கூண்டு ஏற்றினால் புயல் வந்துவிட்டதா?

அக்கா வீடு கடலூர் முதுநகரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரை மீன் குழம்பு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அவளுடைய ஆறு வயதுப் பையனுக்கு முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று ஆகி, உடம்பெல்லாம் அரிப்பு. ஊசி போட்டதும் அடங்கியது. அடுத்த வாரம், யாரோ சொன்னார்கள் என்று ஓர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார்கள். நாற்பது சொச்சம் உணவுகளின் பெயர் போட்ட தாள் வந்தது. மீனுக்கு நேரே ஒன்றுமில்லை. இறால், கோதுமை, நிலக்கடலை மூன்றுக்கும் 'பாசிட்டிவ்'. அன்றோடு சப்பாத்தி நின்றது, கடலை உருண்டை நின்றது, இறால் நின்றது. எதற்கு வம்பு என்று மீனும் நின்றது.

பையன் எடை ஏறவே இல்லை. நான்கு மாதம் கழித்து, புதுச்சேரியில் அலர்ஜி பார்க்கும் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் நானும் கூடப் போனேன். அவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்தார். சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது? எவ்வளவு சாப்பிட்டான்? அதே மீனை முன்னால் சாப்பிட்டிருக்கிறானா? அப்புறம், "அன்னைக்கு வீட்ல வேற யாருக்காவது இப்படி ஆச்சாம்மா?"

"எங்கம்மாவுக்கும் முகம் சிவந்துச்சு டாக்டர். பிரஷர்னு நினைச்சோம்."

பாதி நோயறிதல் அந்த ஒரு பதிலில் முடிந்துவிட்டது. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அலர்ஜியிலும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவது இதே ஹிஸ்டமின்தான். அங்கே நம் உடம்பே அதைச் சுரக்கிறது. இங்கே அது குழம்போடு உள்ளே போகிறது. அதனால்தான் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்தது. அலர்ஜி என்றால் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களில் ஒருவரை மட்டும்தான் பெரும்பாலும் பிடிக்கும்.

சரி, தாளில் இருந்த 'பாசிட்டிவ்' என்ன? அதற்கும் ஒரு மீன் கதை உண்டு. ஜெர்மன் மருத்துவர் க்யூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. 1921-இல் அவருடைய ரத்த நீரைச் சக மருத்துவர் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும், மீன் ஒத்துக்கொள்ளும் அவருடைய தோல் தடித்தது. ஆக, ரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறது. அந்த 'ஏதோ' ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் என்பதை இஷிஸாகா தம்பதி 1966-இல் கண்டார்கள். ஐஜிஇ, தோலிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தனக்குரிய உணவுப் புரதம் வந்து மாட்டினால் அந்தச் செல் தன் ஹிஸ்டமினைக் கொட்டும்.

ரத்தச் சோதனை சொல்வது, ஐஜிஇ இருக்கிறது என்பதை மட்டும்தான். சாப்பிட்டால் பிரச்சினை வரும் என்று அது சொல்வதில்லை. கடலூர் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்துப் போட்டது உண்மைதான். ஆனால் கூண்டு ஏற்றியபோதெல்லாம் 'தானே' மாதிரி புயல் வந்துவிடவில்லை. ஐஜிஇ அளவு கூடக்கூட அலர்ஜி இருக்கும் வாய்ப்பு கூடும். ஆனால், வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

பையனுக்குக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் என்பதையும் டாக்டர் குறித்துக்கொண்டார். இறாலில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம், படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் கிட்டத்தட்ட அதே வடிவில் உண்டு. தூசிக்கு எதிராக உருவான ஐஜிஇ, இறால் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். புல் மகரந்தத்துக்கும் கோதுமைக்கும் இடையிலும் இப்படி ஓர் உறவு உண்டு. கடலை உருண்டையையோ அவன் வாரம் தவறாமல் தின்றவன், ஒன்றும் ஆனதில்லை. ஒத்துக்கொண்ட உணவை இப்படி நிறுத்திவைத்தால் சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே அலர்ஜி வந்துவிடுவதும் உண்டு. அதைக் கேட்டதும் அக்கா முகம் வாடிவிட்டது. இதே மாதிரி ஆய்வகங்கள் விற்கும் 'ஐஜிஜி' உணவுத் தாள்கள் இன்னும் மோசம். ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகை எதிர்ப்புப் புரதம். அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. அதற்குக் காசு கொடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை.

அடுத்து தோல் சோதனை. முன்கையில் உணவுச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் முனை சிறுத்த ஊசியால் லேசாகக் குத்துவார்கள். கூடவே ஒரு சொட்டு ஹிஸ்டமின். அது கட்டாயம் தடிக்க வேண்டும். ஒரு சொட்டு உப்பு நீர்; அது தடிக்கவே கூடாது. பதினைந்து நிமிடம் கழித்து ஸ்கேலால் அளப்பார்கள். உப்பு நீரைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால்தான் கணக்கு. செட்டிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹிஸ்டமின் சொட்டுகூடத் தடிக்காது, சோதனை வீண். கடலையும் கோதுமையும் தடிக்கவில்லை. இறால் 4 மில்லிமீட்டர்.

இந்த இழுபறியைத் தீர்க்க ஒரே வழிதான்: சாப்பிட்டுப் பார்ப்பது. வீட்டில் இல்லை, கடுமையான அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசியைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மருத்துவமனையில். முதலில் துளியூண்டு. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டுவார்கள். நிஜ அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தடிப்போ வாந்தியோ தலைகாட்டினால் அங்கேயே நிறுத்தி மருந்து கொடுப்பார்கள். அப்படி இறாலோ மீனோ ஆகாது என்று உறுதியான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது ஆயுளுக்கும் கூடவே வரும். பால், முட்டை அலர்ஜி அப்படியில்லை. நிறையப் பேருக்கு வளர வளரப் போய்விடும் என்பதால் இதே சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்து பார்ப்பார்கள்.

பையன் காலை ஒன்பதரைக்கு இறால் தின்ன ஆரம்பித்தான். கடைசி அளவு முடிந்ததும் இரண்டு மணி நேரம் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அக்கா அவன் சட்டையைத் தூக்கித் தூக்கி வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடிப்புகூட இல்லை. கிளம்பும்போது டாக்டர் புதிதாக எந்தத் தாளும் எழுதித் தரவில்லை. "சூரை வாங்குனா ஐஸ்ல இருந்ததான்னு கேட்டு வாங்குங்கம்மா" என்றார்.