குசினி மேடைக்குக் ‘கல்’ வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

திருகோணமலையில் வீட்டு உள்வேலைகள் எடுத்துச் செய்கிறேன். முன்பெல்லாம் குசினி மேடை என்றால் மாபிள் என்று நாம் சொல்லும் டைல் பதிப்பார்கள், வசதி இருந்தால் கறுப்புக் கிறனைட். இப்போது வேலை பேச வருகிறவர்கள் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். சாம்பல் நரம்பு ஓடுகிற வெள்ளைப் பலகை, பொருத்தே தெரியாது. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய படமாக இருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர்களும் சீசனுக்கு முன் குளியலறையைப் புதுப்பிக்கும்போது இதையேதான் கேட்கிறார்கள். ஆசைப்படுவதில் பிழையில்லை. மஞ்சளும் மீன் கழுவிய தண்ணீரும் ஊறிக் கறுத்துப்போன மாபிள் இடுக்கைத் தினமும் தேய்க்கிறவர்களுக்குத்தான் பொருத்தில்லாத மேடையின் அருமை தெரியும்.

ஆனால் கடையில் இந்தப் பலகைகள் எல்லாவற்றையும் ‘கல்’ என்றுதான் விற்கிறார்கள். தாதுத்தூளை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் குழைத்து அச்சில் இறுக வைத்த சாமான்கள் அவை. பொலியெஸ்டர் ரெசினும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்தால் கல்ச்சர்ட் மாபிள். அதன் மேல் ஜெல் கோட் என்ற மெல்லிய தோல் இருக்கும். வாஷ்பேசினும் மேடையும் ஒரே வார்ப்பாக வருவது பெரும்பாலும் இதில்தான். அக்ரிலிக்கும் அலுமினியம் சேர்ந்த ஒரு தூளும் கலந்தது சொலிட் சர்ஃபேஸ். டுபொன்ட் நிறுவனம் 1967இல் உருவாக்கிய கோரியன் இந்த வகை. மூன்றாவது குவாட்ஸ். அதன் எடையில் 90 சதவீதம் வரை குவாட்ஸ் தூள், மீதிதான் ரெசின்.

எது எது என்று தெரிய ஒரு தேசிக்காயும் கத்தியும் போதும். பலகையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி இரண்டு சொட்டுத் தேசிப்புளி விடுங்கள். சின்னச் சின்னக் குமிழ் எழும்பினால் உள்ளே சுண்ணாம்புத் தூள். அப்புறம் கத்தி நுனியால் ஒரு கோடு இழுங்கள். குவாட்ஸில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டும். குமிழும் வராமல் கீறலும் விழுந்தால் அநேகமாகச் சொலிட் சர்ஃபேஸ். அதில் விழும் கீறலைச் சாண்ட்பேப்பர் போட்டு எடுத்துவிடலாம்.

மூன்றிலும் ரெசின் இருப்பதால் கொதிக்கும் சட்டியை நேரே இறக்கி வைக்கக் கூடாது. வெயிலும் ஆகாது. உப்புவெளியில் ஒரு விடுதி முற்றத்து மேடையில் வெள்ளைக் குவாட்ஸ் போட்டிருந்தார்கள். ஒரு நாள் அதில் இருந்த பூச்சாடியைத் தூக்கினேன். சாடி இருந்த இடம் வட்டமாகப் பால் வெள்ளை, சுற்றிவர எல்லாம் மஞ்சள். வெளியிடத்துக்குக் கிறனைட் போடுங்கள்.

சரி, மேடை மஞ்சளானால் மாற்றிக்கொள்ளலாம். வெட்டுகிற பையனின் நெஞ்சை மாற்ற முடியாது.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனபோது போர்ட்டிகோவில் இருபது வயதுகூட மதிக்க முடியாத ஒரு தம்பி சிங்குக்கு ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தான். காய்ந்த குவாட்ஸ் பலகை, கையில் கிறைண்டர், வாயைச் சுற்றி ஒரு பழைய ரீசேர்ட். இமை மயிரெல்லாம் வெள்ளை. பக்கத்தில் வைத்திருந்த தேநீரில் ஆடை மாதிரித் தூசி படிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த அந்தத் தூசியைவிட, தெரியாமல் காற்றில் மிதந்த தூசிதான் எனக்குப் பயம். குவாட்ஸ் என்பது சிலிக்காதான். அதன் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடி வரை போய்த் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்பது அதுதான். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை, முற்றினால் நுரையீரல் மாற்றுவதுதான் வழி. கிறனைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் குவாட்ஸ் பலகையில் இருப்பது அதைவிட மிக அதிகம். இந்தப் பலகை வெட்டிய தொழிலாளர்களிடம் நோய் பரவுவதை இஸ்ரேல் மருத்துவர்கள் 2012இலேயே எழுதினார்கள். அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. அங்கே தடை செய்த சாமானை இங்கே நம் பிள்ளைகள் ரீசேர்ட்டைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

அதனால் வேலை கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். அளவெடுத்துப் பட்டறையிலேயே வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷினாக இருக்க வேண்டும். சாதாரண கிறைண்டரில் தண்ணீரை ஊற்றினால் கரண்ட் அடிக்கும். எந்த மெஷின் என்றாலும் லைனில் ட்ரிப் சுவிட்ச் இருக்கட்டும். தண்ணீர் விட்டாலும் மாஸ்க் கட்டாயம் வேண்டும், குறைந்தது என்95, மூக்கோடு இறுகி இருக்க வேண்டும். துணி இந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. வெட்டிய சேற்றை ஈரமாகவே அள்ளிவிடுங்கள், காய்ந்தால் அது திரும்பவும் தூசிதான். விளக்குமாறு போட்டுக் கூட்டவே வேண்டாம்.

உவர்மலையில் ஒரு அக்கா என் விலைத்தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணி விட்டு வெட்டுறதுக்கு ஏன் தனிக்காசு?” என்று கேட்டார். அந்தத் தேநீர்க் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சிங்க் பக்கத்துக்குக் குவாட்ஸ் வேண்டாம், சொலிட் சர்ஃபேஸில் வெள்ளை நிறம் இருக்கிறதா என்று கேட்டார்.