தணிக்கை: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வியாசர்பாடியில் தெருநாடகம் போடும் பிள்ளைகளோடு போன வாரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன் குறைந்துபோனதைப் பற்றி ஒரு நாடகம் எழுதுகிறார்கள். அதில் மீன் விற்கும் ஆயா ஒருத்தி "பேமானிங்களா" என்று கத்துகிறாள். எழுதிய தம்பிக்குச் சந்தேகம். "அண்ணா, இத நாமளே எடுத்துடலாமா? அப்புறம் தணிக்கை பண்ணிடுவாங்களோ? தணிக்கைன்னா என்னண்ணா, கதையோட சூட்டத் தணிக்கிறதா?"

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது, அதே வேரில் தணிக்கையும் பிறந்திருக்கும் என்று. காதுக்குப் பொருந்துகிறது, ஆனால் சொல்லின் கதை வேறு.

கொருக்குப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி சூலூர்பேட்டை வரை போய்ப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தெலுங்கு நாடு வந்துவிடும். அங்கே அதிகாரி வந்து சோதனை போடுவதற்குப் பெயர் 'தனிகீ'. கன்னடத்தில் 'தனிகே' என்றால் விசாரணை. நம்முடைய தணிக்கையும் இந்தக் குடும்பம்தான். மூன்றுக்கும் மூலம் அரபியின் 'தன்கீஹ்': மரத்தில் வேண்டாத கிளையைக் கழிப்பது, எழுதியதைத் திருத்திச் செம்மையாக்குவது. வசூல், பாக்கி, ஜமாபந்தி, தாசில்தார் எல்லாம் எந்த வருவாய்க் கச்சேரி, அதாவது பழைய வரி அலுவலகம், வழியாக நமக்கு வந்தனவோ அதே வழியில் இதுவும் வந்தது. அதனால்தான் தமிழில் முதலில் இது கணக்குச் சொல். ஆடிட்டரைத் தணிக்கையாளர் என்கிறோம், கூட்டுறவுச் சங்கத்தில் வருடா வருடம் தணிக்கை நடக்கிறது.

இப்போது அந்த ஆயாவின் சொல்லுக்கு வருகிறேன். 'பே' என்றால் இல்லாத, 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. பேமானி என்பது நேர்மையின்மை. அதுவும் உருது வழியாக வந்தது. 'கஸ்மாலம்' இன்னும் வியப்பு, வடமொழியில் அழுக்கு, மனக்கலக்கம் என்று பொருள்படும் 'கச்மலம்' அது, பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்துச் சொல்கிற சொல். ஆக, தணிக்கையும் பேமானியும் ஒரே வாசல் வழியாக மதராசுக்குள் வந்தவை, ஒன்று ஆபீசுக்குப் போய் மேசை போட்டு உட்கார்ந்தது, இன்னொன்று ராயபுரம், காசிமேடு என்று தெருவில் தங்கிவிட்டது. ஒன்றை நல்ல தமிழ் என்றும் மற்றதைச் சேரிப் பேச்சு என்றும் யார் முடிவு செய்தார்கள்? இது என்னை உண்மையிலேயே உறுத்துகிற கேள்வி.

சரி, படத் தணிக்கைக்கு நாம் சொல்கிற ஆங்கிலச் சொல், சென்சார். லத்தீனில் 'சென்சேரே' என்றால் மதிப்பிடுவது. ரோமாபுரியில் கி.மு. 443-இல் சென்சார் என்றொரு பதவி ஏற்பட்டது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். குடிமக்களை எண்ணி, சொத்தைப் பதிந்து, அப்படியே அவர்களுடைய ஒழுக்கத்தையும் பார்ப்பார்கள், நடத்தை சரியில்லை என்றால் செனட் பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிடலாம். தலையை எண்ணுகிற சென்ஸஸும் வாயை அடைக்கிற சென்சாரும் ஒரே ஆளிடம் இருந்தன. நம் எழுத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு, செல்போனில் கைரேகை பார்க்கிற கருவியும் சென்சார்தான். அதற்கு 'உணரி' என்று நல்ல சொல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

படத்தை முன்கூட்டிப் பார்த்து அனுமதிக்கிற ஏற்பாடு இங்கே 1918 சட்டத்தோடு வந்தது. அதைத் தணிக்கை என்று சொல்லத் தொடங்கியதில்தான் ஒரு பெரிய பிசகு நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்குத் தணிக்கை "இது உண்மையா, ரசீது எங்கே" என்று கேட்கும். படத் தணிக்கை அந்தக் கேள்வியையே கேட்காது. "இதைச் சொல்லலாமா" என்றுதான் கேட்கும். புளியந்தோப்பு என்றால் வீட்டுக்கு வீடு அரிவாள் இருக்கும் என்று காட்டுகிற பொய்க்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். அங்கே வாழ்கிறவன் பேசுகிற பேச்சு மியூட் ஆகும். கதை உண்மையா என்று பார்க்கிற தகுதி அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் இருக்கிறது, அவர்களும் வெட்டச் சொல்ல மாட்டார்கள், எழுந்து நின்று "இது எங்க ஊரே இல்ல" என்பார்கள்.

நாடகத்துக்கும் தனிச் சட்டம் இருந்தது. 1876-இல் வெள்ளைக்காரன் போட்டது ஒன்று. 1954-இல் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து இங்கே போட்டது இன்னொன்று.

2003 கோடையில், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, குடம் வரிசையைப் பற்றி நாங்கள் ஒரு நாடகம் எழுதினோம். டைப் அடித்த இரண்டு பிரதிகளைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். மூன்று நாள் கழித்து ஒன்று திரும்பி வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம், ஓரத்தில் 'நீக்கவும்'. அந்த வரி இதுதான்: "லாரி மொதல்ல மாடி வீட்டு தொட்டிக்குப் போவும், அப்பால நம்ம குடத்துக்கு." அதில் வசவு இல்லை, யார் பெயரும் இல்லை, அன்றாடம் எல்லோரும் பார்த்தது. நடித்த அக்கா அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றார். ஒரு சொட்டு மட்டும் விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த வரியைத் தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள், ஒவ்வொருத்தியும் தன் தெரு லாரியின் கதையோடு. ஆனாலும் அந்தப் பென்சில் வட்டம் எனக்குள் பல வருடம் இருந்தது, எழுத உட்கார்ந்தால் நானே எனக்கு வட்டம் போட்டுக்கொண்டேன். 1954 சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டு நெருக்கடிநிலையின் பிடி இங்கும் இறுகியது. பிடிபட்ட பலர் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையில். அவர்கள் பெயரை அச்சிட அனுமதி இல்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள், அன்றைக்கு முரசொலியில் அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. சிறையில் இருப்பவர்கள் இவர்கள்தான் என்று படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அப்போ சரியான தமிழ் எது? ஒரே சொல்லை நம்பாமல், நடப்பதைப் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பேன். வெளியாகும் முன்பே தடுப்பது 'முன்தடை'. 1950-லேயே உச்ச நீதிமன்றம், ஒரு பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்ற தடையை ரத்துசெய்த அதே நாளில், டெல்லிப் பத்திரிகை ஒன்றின் மீதிருந்த முன்தடையையும் செல்லாது என்றது. எந்த வயதுக்காரர் பார்க்கலாம் என்று சொல்வது 'சான்றளிப்பு'. படங்களைப் பார்க்கிற வாரியத்தின் பெயரில் 'சென்சார்' போய்ச் சான்றிதழ் வந்தது 1983-இல்தான், 2023 திருத்தத்தில் யு/ஏ-வை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று பிரித்தது உண்மையில் சான்றளிப்பு வேலை. காட்சியை நீக்கு, ஒலியை அடை என்பது 'வெட்டு', மழுப்பாமல் அப்படியே சொல்லலாம். பயந்துபோய் நாமே எடுத்துவிடுவதற்கு 'தன்வெட்டு' என்று சொல்லிப் பார்க்கிறேன், பழகினால் நிற்கும். தணிக்கை கணக்குப் புத்தகத்துக்கே இருக்கட்டும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். ஆயா வாயில் அந்தச் சொல் இருக்கட்டும் என்றேன். பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்து, பேமானிங்களாவுக்கு முன்னால் "கஸ்மாலம் புடிச்ச" என்று சேர்த்து எழுதிக்கொண்டான்.