மந்தம் அல்ல, துவளல்

போலியோ கண்காணிப்பு பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில் மறுபடியும் 'கடுமையான மந்தமான பக்கவாதம்' என்று படித்தேன். கை கால் திடீரென்று செயலிழந்து போவதற்கு மருத்துவர்கள் சொல்லும் 'அக்யூட் ஃபிளாசிட் பராலிசிஸ்' என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். மூன்று சொல், மூன்றும் பிழை.

ஃபிளாசிட் என்பதன் வேர் லத்தீனில் உள்ள 'ஃபிளாக்கஸ்'. தொங்கலான, காதுமடல் தொங்குகிற என்று பொருள். ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் முழுப்பெயரிலும் இச்சொல் உண்டு. வேர்க்கதை அவ்வளவுதான்.

மந்தம் என்பது வேகக் குறைவு. வயிறு மந்தம், வியாபாரம் மந்தம் என்கிறோம். மெதுவாகவாவது வேலை நடக்கிறது என்பதே அதன் பொருள். இங்கே சொல்ல வந்தது வேறு. பிள்ளையின் காலைத் தூக்கிப் பிடித்து விட்டால் தொப்பென்று விழும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் உதறாது. தசையில் இறுக்கமே இல்லை. இதில் மந்தம் எங்கே வந்தது?

பக்கவாதம் என்றால் உடம்பின் ஒரு பக்கம் விழுவது. நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயும் இந்த வகையில்தான் சேரும்; அதில் பெரும்பாலும் இரண்டு கால்களும் சேர்ந்தே வலுவிழக்கும். அதையும் பக்கவாதம் என்பதா? அக்யூட் என்பதும் இந்த இடத்தில் கடுமையைக் குறிப்பதல்ல, திடீரென்று வந்ததைக் குறிப்பது.

சரி, 'தளர்வாதம்' என்று வைக்கலாமே என்று கேட்கலாம். மந்தத்துக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் தளர்ந்தவர் கோலூன்றியாவது நடப்பார்; குழந்தையின் தளர்நடையும் நடைதான். தொய்வு என்பது கயிற்றுக்கட்டிலுக்கும் திரைக்கதைக்கும் பொருந்தும். இரு முனையில் கட்டியது நடுவில் இறங்குவது அது. நமத்தல் அப்பளத்துக்கு, வதங்கல் கீரைக்கு. குழைதல் பழைய சொல். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்கிறார் வள்ளுவர். ஆனால் இன்று குழைவு என்றால் சோறும் கொஞ்சல் பேச்சும்தான் நினைவுக்கு வரும்.

மிஞ்சுவது துவளல். பற்றுக்கோடில்லாத கொடி துவளும், காய்ச்சலில் பிள்ளை துவண்டு கிடக்கும், தோல்வியில் மனம் துவண்டுபோகும். தன்னைத் தானே தாங்க முடியாத நிலையை இந்த ஒரு சொல் முழுதாகப் பிடிக்கிறது. விறைப்புக்கு நேர் எதிராகவும் நிற்கிறது. மருத்துவத்தில் அந்த எதிர்மறை முக்கியம், ஏனென்றால் விறைப்பு வாதம் என்று தனியே ஒன்று இருக்கிறது. ஆகவே 'திடீர்த் துவள்வாதம்' என்பதே என் முடிவு.

இவ்வளவு சொற்கள் வீட்டில் புழங்கும்போது அகராதியின் முதல் வரியில் கண்டதை எடுத்து ஒட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே உறுத்தியிருக்கும். மருத்துவக் குறிப்பில் இந்த அலட்சியம் கூடாது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால், போலியோவா என்று பார்க்க 14 நாளுக்குள் குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்தாக வேண்டும். 'பிள்ளைக்கு மந்தமா இருக்கா?' என்று கேட்டால் தாய் செரிமானத்தை நினைப்பாள். 'கால் துவண்டு விழுதா?' என்று கேட்டால் காலைத் தூக்கிப் பார்ப்பாள்.