பிடித்த புத்தகத்தைச் சொன்னால் ஆளைச் சொல்ல முடியுமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மூத்த ஊழியர் ஒருவர் இருக்கிறாராம். புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் "உங்களுக்குப் பிடிச்ச புக் எது?" என்று கேட்பார். பதில் வந்ததும் குணத்தைச் சொல்லிவிடுவார். சரித்திர நாவல் என்றால் பகல்கனவு காண்பவர். துப்பறியும் கதை என்றால் சந்தேகப் பிராணி. தன்னம்பிக்கை நூல் என்றால் இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். "பாதிக்கு மேல சரியாத்தான் இருக்கு சார். இதுல அறிவியல் உண்டா, இல்ல கன்னியாகுமரி கடற்கரையில் கிளி சீட்டெடுக்கிற கதைதானா?"

அறிவியல் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த மூத்தவர் நினைக்கிற இடத்தில் இல்லை.

குணத்தை அளக்க உளவியலாளர்கள் இன்று பெரும்பாலும் ஐந்து அளவுகளைப் பயன்படுத்துகிறார்கள்: புதியதை வரவேற்கும் மனம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் பதறும் தன்மை. 2002-இல் சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரின் குழு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டது. 94 அலுவலக இருக்கைகளையும் 83 படுக்கையறைகளையும் ஆள் இல்லாதபோது அந்நியர்களுக்குக் காட்டி, இங்கே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதை, அந்த நபர் தன்னைப் பற்றியும் அவருடைய நண்பர்கள் அவரைப் பற்றியும் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். ஐந்தில் நன்றாகப் பிடிபட்டது புதியதை வரவேற்கும் மனம்தான். அதைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று, அறையில் கிடந்த புத்தகங்கள் எத்தனை வகைப்பட்டவை என்பது. இணங்கிப்போகும் தன்மை சரியாகப் பிடிபடவில்லை. பிறரை நம்புவதும் அந்தத் தன்மையில் சேர்ந்ததுதான். ஆக, சந்தேகப் பிராணி யார் என்று அலமாரி லேசில் சொல்லாது.

சரி, அலமாரி கிடக்கட்டும். ஒரே ஒரு புத்தகத்தின் பெயர் எவ்வளவு சொல்லும்? எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்து, அவர் இறந்தபின் 1763-இல் அச்சான கட்டுரையிலிருந்து கிளைத்த கணக்கு அது.

ஓர் அலுவலகத்தில் 100 பேர். அவர்களில் 20 பேர் புதியதை விரும்புகிறவர்கள், மீதி 80 பேர் பழகிய தடத்தில் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பொன்னியின் செல்வன்' பிடிக்கும் என்று முதல் கூட்டத்தில் பாதிப்பேர், 10 பேர், சொல்கிறார்கள். இரண்டாவது கூட்டத்திலும் பாதிப்பேர், 40 பேர், சொல்கிறார்கள். மொத்தம் 50 பேரில் புதியதை விரும்புகிறவர்கள் 10 பேர், அதாவது 20 சதவீதம். கேட்பதற்கு முன்னாலும் 20 சதவீதம்தான். பதிலைக் கேட்டு உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை! கல்கியின் மேல் குற்றமில்லை. எல்லாரும் சொல்கிற பதில் எவரையும் பிரித்துக் காட்டாது.

இப்போது அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு மொழிபெயர்ப்புக் கவிதைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். முதல் 20 பேரில் 6 பேர் அதைச் சொல்கிறார்கள், அடுத்த 80 பேரில் 4 பேர்தான். சொன்னவர்கள் 10 பேர், அதில் 6 பேர் புதியதை விரும்புகிறவர்கள். 20 சதவீதம் ஒரே தாவலில் 60 ஆகிவிட்டது. புத்தகம் ஆழமானதா, அசடா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கூட்டத்தில் எத்தனை பங்கு பேர் சொல்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் எத்தனை பங்கு, இரண்டுக்கும் உள்ள விகிதம் என்ன, அவ்வளவுதான். இங்கே 30 சதவீதத்துக்கு 5 சதவீதம், ஆறு மடங்கு. அப்படியும் பத்துக்கு நாலு பேர் விஷயத்தில் தப்பாகத்தான் சொல்வீர்கள்.

அந்த விகிதம் ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான் இதன் அழகு. நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. நம் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் அதைச் சொன்னால், அதில் ஊர்ப் பாசம் எவ்வளவு, ரசனை எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். தொலைவிலுள்ள ஓர் ஊர்க்காரர், இந்தப் பக்கமே வந்திராதவர், அதே பெயரைச் சொன்னால் தடயத்துக்குக் கனம் கூடும். தக்கலை மூத்தவர் பதிலைக் கேட்கிறாரே தவிர, அந்தப் பதில் அங்கே எவ்வளவு சாதாரணம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பிறகு எப்படிப் பாதிக்கு மேல் சரியாக இருக்கிறது? பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் 39 மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். அப்புறம் 'இது உன்னுடைய முடிவு' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பாலும் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே தயக்கம் உண்டு' என்றால் யார்தான் இல்லையென்பார்? கிளி ஜோசியக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற படித்த பெற்றோர்கள்தான், பிள்ளையின் விரல்ரேகையை ஸ்கேன் செய்து "டாக்டரா இன்ஜினியரா" என்று சொல்கிற இடங்களில் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வருகிறார்கள். கிளியாவது சில பத்து ரூபாயோடு விட்டுவிடுகிறது.

பிடித்த புத்தகம் என்று ஒருவர் சொல்வது, தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார் என்பதன் அறிவிப்பு. மேலதிகாரி பக்கத்தில் இருந்தால் அறிவிப்பு மாறும். காஸ்லிங் இதைத் தனியாகவும், நடத்தை விட்டுப்போகும் எச்சத்தைத் தனியாகவும் வைத்துப் பேசுகிறார். மேசைமேல் நிற்கிற தடித்த தத்துவ நூலில் பழைய பஸ் டிக்கெட் 38-ஆம் பக்கத்திலேயே மாதக்கணக்கில் செருகிக் கிடக்கிறது. இழுப்பறைக்குள் இருக்கிற மாத நாவலில் ஓரமெல்லாம் மடிப்பு, நடுவில் ஏத்தங்காய் சிப்ஸின் எண்ணெய்க் கறை. எதை நம்புவீர்கள்?

தமிழ் வாசகர்களை வைத்து இதையெல்லாம் ஆராய நமக்குச் செலவு அதிகம் ஆகாது. சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948-இல். அப்போது திருவிதாங்கூரோடு இருந்த நாம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இன்று சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். யார் என்று தெரியாதபடி பெயரை நீக்கிவிட்டு இரவல் கணக்கை ஆய்வாளர்களுக்குத் தரலாம். அந்த வரியில் ஒரு துளியை அதற்கு ஒதுக்கலாம். கேட்டால் நிதி இல்லை என்பார்கள்.

வாசகிக்கு ஒரு யோசனை. மூத்தவர் நன்றாக அறியாத எட்டுப் பேரிடம் பிடித்த புத்தகத்தை மட்டும் எழுதி வாங்குங்கள். யார் எழுதியது என்று சொல்லாமல் அவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தின் பெயர் அதில் வரக் கூடாது. எட்டுக் குறிப்புகளையும் கலைத்து, எட்டுப் பேரும் ஒருவரையொருவர் கேட்காமல் 'இதுதான் நான்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். குருட்டாம்போக்கில் எடுத்தால் சராசரியாக ஒருவருக்குச் சரியாக அமையும்; எட்டுப் பேருக்குப் பதில் எண்பது பேர், எண்பது குறிப்புகள் என்றாலும் அதே ஒருவர்தான். எட்டில் நாலு பேரோ அதற்கு மேலோ சரியாக எடுப்பது தற்செயலாக ஏறக்குறைய நூற்றில் ஒரு தடவைதான் நடக்கும். அப்படி நடந்தால் எனக்கு எழுதுங்கள், தக்கலைக்கு நானே வருகிறேன்.