வைன் நிறுவும்போது தகராறு செய்வது யார்?

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் மென்பொருள் வைன். அதை நிறுவப் போனால் சில கணினிகளில் டெர்மினல் பாதியில் நின்றுவிடும். சார்புகள் (கூடவே தேவைப்படும் மற்ற பேக்கேஜ்கள்) நிறைவேறவில்லை, உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு புகார் வரும். படிப்பவருக்கு வைன் மேல்தான் கோபம் வரும். பாவம், வைன் இன்னும் அந்தக் கணினிக்குள் வரவே இல்லை. பேசுவது ஆப்ட் என்கிற பேக்கேஜ் மேலாளர், அதாவது டெபியன், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்களில் மென்பொருட்களை நிறுவித்தரும் கருவி. வைன் தொடர்பான எந்தப் பிழையிலும் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: சொல்வது ஆப்டா, வைனா, அதற்குள் ஓடும் விண்டோஸ் நிரலா?

வைன் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இதைப் பிரித்தறிவது எளிது. விண்டோஸ் நிரலான ஒரு எக்ஸி கோப்புக்குள் இருப்பவை இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிக்கு நன்றாகவே தெரிந்த கட்டளைகள். லினக்ஸுக்குப் புரியாதவை இரண்டு. ஒன்று, கோப்பு அடுக்கப்பட்டிருக்கும் விதம். இரண்டு, அந்த நிரல் கேட்கும் சேவைகள். 'இந்தக் கோப்பைத் திற', 'இங்கே ஒரு பட்டனை வரை' என்று அது விண்டோஸின் டிஎல்எல்களை (பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் லைப்ரரி கோப்புகளை) அழைக்கும். வைன் அந்தக் கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அதே பெயரில் தன்னுடைய டிஎல்எல்களைக் கொடுத்து, வந்த வேண்டுகோளை லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிடம் கேட்டு முடித்துத் தருகிறது. செயலியின் கட்டளைகளை அது மாற்றுவதில்லை. அதனால்தான் ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் கணினியில், சாதாரண விண்டோஸ் நிரல்களை ஓட்ட வைன் மட்டும் போதாது. பாக்ஸ்64 போன்ற இன்னொரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு வந்தது 2008இல். விண்டோஸ் எத்தனை ஆயிரம் சேவைகளைத் தருகிறது என்பதற்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளே சாட்சி.

சரி, ஆப்ட் ஏன் மறுக்கிறது? பெரும்பாலும் 32 பிட் விவகாரம். பழைய விண்டோஸ் நிரல்கள் 32 பிட். 64 பிட் நிரல்களுக்குக்கூட, அவற்றை நிறுவித்தரும் செட்டப் கோப்பு 32 பிட்டாக இருப்பது சகஜம். வைனின் பழைய முறையில், 32 பிட் நிரல் ஓடும் அதே புராசஸுக்குள் லினக்ஸின் லைப்ரரிகளும் ஏற்றப்படும். ஆகவே அவையும் 32 பிட்டாகவே இருந்தாக வேண்டும். எழுத்துரு, ஒலி, கிராபிக்ஸ் டிரைவர் என்று 64 பிட்டில் ஏற்கெனவே இருக்கும் பலவற்றுக்கும் இன்னொரு பிரதி தேவை. டெபியன் குடும்பத்தில் அதற்கு ஐ386 என்கிற 32 பிட் கட்டமைப்பை முதலில் இயக்கிவைக்க வேண்டும். பலர் தவறவிடும் படி இது.

அதை இயக்கிய பிறகும் சிக்கல் வரலாம். டெபியனில் ஒரு லைப்ரரியின் 32 பிட், 64 பிட் பிரதிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி: இருவருக்கும் ஒரே பதிப்பு எண் இருந்தால்தான் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்க முடியும். எப்போதோ ஒரு பிபிஏவை (உபுண்டுவுக்கு வெளியார் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியத்தை) சேர்த்து, 64 பிட் லைப்ரரி ஒன்றை உபுண்டு தருவதைவிடப் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணில் 32 பிட் பிரதி எங்கும் கிடைக்காவிட்டால், ஆப்ட் முழு நிறுவலையும் மறுத்துவிடும். எரிச்சல் என்னவென்றால், உண்மையான குற்றவாளியின் பெயரை அது சொல்லாது. மேலே இருக்கும் வைன் பேக்கேஜின் பெயரை மட்டும் சொல்லும். இல்லை என்று அது சொல்லும் பேக்கேஜையே தனியாக நிறுவச் சொல்லுங்கள். அது இன்னொன்றைக் கைகாட்டும். அதையும் கேளுங்கள். இப்படி இறங்கிக்கொண்டே போனால் எண் பொருந்தாத லைப்ரரி அகப்படும். ஆப்ட்-கேஷ் கட்டளையின் பாலிசி பிரிவு, அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று காட்டிவிடும். பிறகு அந்த பிபிஏவை நீக்கி, லைப்ரரியை உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கினால் போதும். ஆப்டிட்யூட் என்கிற இன்னொரு பேக்கேஜ் மேலாளர் தானாகவே தீர்வு சொல்லும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஆம் என்று தட்டுவதற்கு முன் நீக்கப்போகும் பட்டியலைப் படியுங்கள். டெஸ்க்டாப்பையே கழற்றிவிடும் தீர்வும் அதில் வரலாம்.

சில சமயம் குற்றவாளி வெறும் காலம். உபுண்டு 18.04 வெளியான பிறகு, 2019இல் வந்த வைன் 4.5 எஃப்ஆடியோ என்ற ஒலி லைப்ரரியைக் கேட்டது. உபுண்டுவின் அந்தப் பதிப்பில் அது கிடையாது. வெளியிலிருந்து தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. லினக்ஸ் மின்ட்காரர்களுக்கு வேறொரு பொறி: வைன் களஞ்சியத்தைச் சேர்க்கும்போது மின்டின் பெயரைக் கொடுக்கக் கூடாது, அடியில் இருக்கும் உபுண்டுவின் பெயரைக் கொடுக்க வேண்டும். உபுண்டு பதிப்புகளின் செல்லப்பெயர்களில், மின்ட் 21க்கு ஜாமி, 22க்கு நோபிள்.

இந்த 32 பிட் சுமையை உபுண்டு 2019இல் ஒரேயடியாகக் கைவிடப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கி, தேவையான பேக்கேஜ்களை மட்டும் வைத்துக்கொண்டது. வைனும் தன் பக்கத்தில் வேலை பார்த்தது. 2024 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பில் சோதனை நிலையில் ஒரு புதிய முறை இருந்தது. அதில் 32 பிட் நிரல் லினக்ஸ் பக்கம் தாண்டும் இடத்தில் வைன் 64 பிட்டுக்கு மாறிக்கொள்ளும். 32 பிட் லினக்ஸ் லைப்ரரிகளே தேவையில்லை. அப்போது ஓபன்ஜிஎல் என்கிற கிராபிக்ஸ் முறையின் வேகம் சற்று அடிவாங்கியது என்றாலும், என் பார்வையில் இந்தத் தலைவலிக்கு நிரந்தர மருந்து இதுதான்.

நிறுவல் முடிந்தபின் வரும் பிழைகள் வைனுடையவை. அது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவாக ஒரு போலி சி டிரைவை உருவாக்கி, விண்டோஸ் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சாதாரண உரைக் கோப்புகளாகப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். சுடோ போட்டு, அதாவது ரூட் என்கிற நிர்வாகி உரிமையோடு, வைனை ஓட்டியிருந்தால் கோப்புகள் ரூட்டின் பெயருக்குப் போய்விடும். அப்புறம் 'இது உங்களுடையதல்ல' என்று உங்களிடமே சொல்லும். சுடோ வேண்டவே வேண்டாம். கெர்னல்32 டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை என்று வந்தால், 32 பிட் வைன் விடுபட்டிருக்கலாம், அல்லது அந்த ஃபோல்டர் கெட்டிருக்கலாம். ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். வைன் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழைய கோப்புகளும் பத்திரமாக இருக்கும்.

கடைசி அடுக்கு, விண்டோஸ் நிரலே. டெர்மினலில் 'ஃபிக்ஸ்மீ' என்று வரிவரியாக ஓடுவதைப் பார்த்து மிரள வேண்டாம். இந்தச் சேவை இன்னும் முழுதாக எழுதப்படவில்லை என்று நிரலாளர்கள் தங்களுக்கே விட்டுவைத்த குறிப்புகள் அவை. 'இம்போர்ட் டிஎல்எல்' என்று வரும் பிழை வரியைத் தேடுங்கள். இல்லாத டிஎல்எல்லின் பெயர் அதில் இருக்கும். விஷுவல் சி++ கோப்புகள் போன்றவை என்றால் வைன்ட்ரிக்ஸ் என்கிற துணைக்கருவி கொண்டுவந்து தந்துவிடும். விண்டோஸ் கர்னலுக்குள் டிரைவர் வைத்து வேலை செய்யும் டோங்கிள் (உரிமத்துக்காகக் கணினியில் செருகும் சிறு சாதனம்) மென்பொருள், சில விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் போன்றவற்றோடு மட்டும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அவற்றுக்கு நிஜ விண்டோஸோ, சிலவற்றுக்கு மட்டும் மெய்நிகர் கணினியோதான் வழி.