பிழைத்தவர்

புதுச்சேரியில் ஒரு சிறிய அரங்கில் ஆவணப்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். அரோரா மார்டிகேனியன் என்ற ஆர்மேனியப் பெண்ணின் வாழ்க்கை அது. 1915-இல் ஒட்டோமான் அரசு ஆர்மேனியர்களை ஊர் ஊராகப் பாலைவனம் நோக்கி விரட்டியபோது அவருக்கு 14 வயது. குடும்பத்தை இழந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர், 1919-இல் வந்த மௌனப்படத்தில் தன் கதையில் தானே நடித்தார். பட்ட துயரத்தையெல்லாம் கேமராவுக்கு முன்னால் மறுபடியும் பட்டார்.

அழைப்பிதழில் ‘இனப்படுகொலை சர்வைவர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். இனப்படுகொலைக்குத் தமிழ் கிடைத்திருக்கிறது, சர்வைவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே, தாண்டி. ‘விவெரே’ என்றால் வாழ்தல். இரண்டும் பிரெஞ்சில் ‘சுர்விவ்ர்’ ஆகி ஆங்கிலத்துக்குப் போயின. ஒன்றைத் தாண்டி வாழ்பவர் என்பது பொருள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த, பிரெஞ்சு படித்த பெரியவர் ‘ரெஸ்காப்பே’ என்றொரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். 1906-இல் வட பிரான்சின் கூரியேர் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் இறந்தார்கள். 20 நாள் கழித்து 13 பேர் இருட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்களைக் குறிக்க அந்தப் பகுதி மக்கள் சொன்ன வட்டாரச் சொல்தான் பிரெஞ்சு நாடெங்கும் பரவியது. சொல் பேச்சுவழக்கிலிருந்துதான் வந்தது.

நம் பேச்சிலும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் யாரும் சர்வைவர் என்று சொல்லவில்லை. ‘பொழச்சவங்க’ என்றார்கள்.

பிழைத்தல் என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது! ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்கிறது குறள் (772). யானை பிழைத்த வேல் என்றால் யானைமேல் படாமல் தவறிய வேல். குறி தவறுவதே இங்கே பிழைத்தல். எய்தவனுக்கு அது பிழை. யானைக்கோ அது உயிர். தவறு என்ற பொருளும் தப்பி வாழ்தல் என்ற பொருளும் ஒரே சொல்லில் கூடியது இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அழிக்க வந்தவனின் குறி தவறியதால் இருப்பவர், பிழைத்தவர்.

‘தப்பியவர்’ என்பதில் ஓடிப்போன வாடை வருகிறது. ‘மீண்டவர்’ புற்றுநோய்க்குப் பொருந்தும். குடும்பத்தையே இழந்தவர் எங்கே மீள்வது? ‘உய்ந்தவர்’ அழகான சொல், ஆனால் பக்தி இலக்கியம் அதை முத்திக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘எஞ்சியவர்’ கணக்கில் மீந்ததைச் சொல்வது போல இருக்கிறது.

அரங்கிலிருந்த மீனவப் பெண்மணி ஒருவர் கடைசியில் எழுந்து, “பொழச்சதுக்கு அப்புறம்தான் சார் பொழைக்கணும், அதுதான் கஷ்டம்” என்றார். பிழைப்பு என்றால் வயிற்றுப்பாடும்தானே! அரோரா 1994 வரை இருந்தார். ஊரைவிட்டு விரட்டப்பட்ட பிறகு 79 ஆண்டுகள். அடுத்த அழைப்பிதழில் ‘இன அழிப்பில் பிழைத்தவர்’ என்றே அச்சிடுங்கள் என்று அமைப்பாளர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.