ஸ்கேஃபோல்டு: சாரமா, தாயமா?

ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) ஆய்வில் 'செல் டிரைவ்டு மேட்ரிக்ஸ் ஸ்கேஃபோல்டு' என்ற தொடர் அடிக்கடி வரும், செல்களே பின்னிவைத்து, வேறு செல்கள் தங்கி வளர இடம்தரும் தாங்கல் என்று பொருள். இதற்குத் தமிழ் தேடுமுன் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஃபைப்ரோபிளாஸ்ட் (உடலின் இணைப்புத் திசுவை உருவாக்கும் செல்) போன்ற செல்களைத் தட்டு நிரம்ப வளர்த்து, ஊட்டநீரில் வைட்டமின் சி சேர்த்துக்கொண்டே ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவைப்பார்கள். வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி முறுக்கு உறுதியாக நிற்காது, அந்தக் காலத்தில் கடலோடிகளுக்கு ஈறு கசிந்து பல் ஆடியதும் இதே குறையால்தான். செல்கள் தங்களைச் சுற்றிக் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின் ஆகிய புரத இழைகளைப் பின்னிக்கொண்டே போகும். அப்புறம் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு மாதிரியான பொருளும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலை ஊற்றினால் செல்கள் கரைந்துவிடும், பின்னல் மட்டும் தட்டில் ஒட்டி நிற்கும். ஸ்டெம் செல்களை அதன்மேல் விடுகிறார்கள். 2001-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்னா குக்கியர்மன், கென்னத் யமாடா குழுவினர், இப்படிப்பட்ட முப்பரிமாணப் பின்னலைச் செல்கள் பற்றிக்கொள்ளும் விதமே வேறு, தட்டையான பரப்பில் அப்படி இல்லை என்று காட்டினார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஸ்கேஃபோல்டு பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, தூக்குமேடைக்கும் அதே சொல்தான். நம் கொத்தனார்கள் சொல்வது சாரம். ஆனால் 'செல் சாரம்' என்று எழுதினால் செல்லிலிருந்து பிழிந்தெடுத்த சத்து என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும், இலங்கையிலோ சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது. அதனால் 'சாரக்கட்டு' தெளிவு. செயற்கைப் பொருளில் செய்யும் ஸ்கேஃபோல்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். இங்கே எனக்கு ஒரு நெருடல்: சுவர் பூசி முடிந்ததும் சவுக்குக் கம்புகளை அவிழ்த்துச் சாரத்தைப் பிரித்துவிடுவோம், ஆட்களும் கட்டடமும் இருக்கும். இதிலோ கட்டிய ஆட்களே போய்விடுகிறார்கள், கட்டியது நிற்கிறது.

மேட்ரிக்ஸ் என்பதற்கு லத்தீனில் கருப்பை என்று பொருள், வேர்ச்சொல் தாய். தமிழ்நாட்டுக் கணக்குப் பாடத்தில் இது 'அணி', வரிசையாக நிற்கும் எண்களுக்குச் சரி, இழைப் பின்னலுக்கு ஒட்டாது. இலங்கைக் கணிதத்தில் 'தாயம்' என்கிறார்கள். அதில் தாயின் ஒலியும் கேட்கிறது, மூத்தவர் விட்டுப்போகும் உரிமைச் சொத்து என்ற பழைய பொருளும் இருக்கிறது. தாயாதி என்கிறோமே, அதே தாயம். கரைந்துபோன செல்கள் அடுத்து வரும் ஸ்டெம் செல்களுக்கு விட்டுச் செல்வதும் அதுதானே? நான் 'செல் பின்னிய தாயம்' என்றே எழுதுகிறேன்.